அசிடிட்டி என்று நானே சொல்லிவிட்டேன்

33-வது வாரத்தில் ஒரு ராத்திரி, ஒன்பது மணி இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "சிஸ்டர், அசிடிட்டி ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. என்ன போட்டுக்கலாம்?" என்று கேட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து வீட்டில் இருக்கிறதா என்று விசாரித்த சிஸ்டர், அதையே இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டுத் தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அசிடிட்டிக்கு அதுதான் வைத்தியம். எனக்கு இருந்தது அசிடிட்டி இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வலி எந்த இடத்தில், எப்போதிலிருந்து, கூடவே வேறென்ன தொந்தரவு என்று ஒன்றையும் சொல்லாமல், நானே நோய்க்குப் பெயர் வைத்து, மருந்தை மட்டும் கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. அதற்கு முன்னால் மூன்று தடவை பயந்துபோய் ஓடி, மூன்று தடவையும் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தவள் நான்.

முதல் தடவை 7-வது வாரம். காலையில் பாத்ரூமில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. உள்ளங்கையெல்லாம் வியர்த்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு அழுதேன். "அழுறதை அப்புறம் வச்சுக்கோ, முதல்ல கிளம்பு" என்றாள். ஸ்கேனில் பயறளவு ஒரு உருவத்துக்குள் ஏதோ படபடவென்று துடிப்பதைக் காட்டினார்கள். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு முதல் மூன்று மாதத்தில் கொஞ்சமாவது ரத்தம் படுமாம். அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடரும் என்றார் டாக்டர்.

ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. "அடிவயிறு ஒரே பக்கமா வலிக்குதா? தோள்பட்டை நுனியில வலி இருக்கா? மயக்கம் வந்துச்சா?" என்று வரிசையாகக் கேட்டார். தோள்பட்டைக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. கரு கர்ப்பப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டால், அது வளர வளரக் குழாய் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும். அந்த ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும்போது, வலி அங்கே தெரியாமல் தோளில் தெரியும். வெளியே படுவது சொட்டு ரத்தமாக இருக்கும், உள்ளே அதிகமாகக் கசிந்துகொண்டிருக்கும். அதனால் "கொஞ்சம்தானே பட்டது" என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. முதல் ஸ்கேன் எடுத்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று தெரியும்வரை இந்த மூன்று கேள்வியும் முக்கியம். ரத்த வகை நெகட்டிவ்வா என்றும் கேட்டார். நெகட்டிவ் என்றால் ரத்தம் பட்டதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பு உண்டாக்காமல் தடுக்கிற ஆன்டி-டி ஊசி தேவை என்று அவர்கள் முடிவு செய்தால் 72 மணி நேரத்துக்குள் போடுவார்கள்.

இரண்டாவது தடவை 19-வது வாரம். ராத்திரி தூக்கத்தில் புரண்டு படுத்தேன், வலது தொடை இடுக்கில் யாரோ கயிற்றைச் சுண்டி இழுத்த மாதிரி ஒரு வலி. வளரும் கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கிற தசைநார் இழுபடுவதாம் அது. சட்டென்று எழும்போது, தும்மும்போது, புரளும்போது வரும், அசையாமல் இருந்தால் சில நொடியில் போய்விடும். ரத்தமோ காய்ச்சலோ விட்டுவிட்டு வயிறு இறுகுவதோ கூட இல்லையென்றால் பயம் வேண்டாம் என்றார்கள். வெட்கத்தோடு திரும்பினேன்.

மூன்றாவது தடவை 27-வது வாரம். காலையிலிருந்து குழந்தை அசைந்த மாதிரியே தெரியவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன், வயிற்றில் கை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை மெல்லிசாக ஏதோ உரசியது, அதுவும் என் கற்பனையோ என்று சந்தேகம். போனேன். வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டினார்கள், டக் டக் டக் என்று குதிரை ஓடுவதுபோல் சத்தம் கேட்டது. நஞ்சுக்கொடி எனக்கு முன்பக்கம் ஒட்டியிருப்பதால் உதையெல்லாம் பஞ்சு மெத்தையில் குத்துகிற மாதிரி அமுங்கிப் போகிறது என்றார் டாக்டர். "அதுக்காக அடுத்த தடவை வீட்டுலயே இருந்துடாதீங்க. வழக்கத்தைவிடக் குறைஞ்சா இதே மாதிரி வரணும்" என்றும் சொன்னார்.

அதுதான் நான் நினைவில் வைத்திருக்க வேண்டிய வாக்கியம். எனக்கோ வெளியே வரும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் மனதில் நின்றது. "முதல் பிள்ளையா? அதான்!"

அவர் கேலியாகச் சொல்லியிருக்க மாட்டார். பாசமாகக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த 'அதான்' எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு எது வந்தாலும் முதலில் நானே ஒரு காரணம் தேட ஆரம்பித்தேன்.

33-வது வாரம் தொடங்கியபோது மோதிரம் விரலில் சிக்கிக்கொண்டது. சோப்பு போட்டு உருவினேன், தோல் வழண்டுகொண்டு வந்தது. கணுக்கால் வீக்கம் எல்லாக் கர்ப்பிணிக்கும் சாயங்காலம் வருவதுதான், எனக்கும் மாசக்கணக்கில் இருந்தது. இது காலையில் எழும்போதே இருந்தது. சாக்ஸைக் கழற்றினால் கெண்டைக்காலைச் சுற்றி ஒரு பள்ளம், பெருவிரலால் முன்னெலும்பின் மேல் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வீடியோ காலில் அக்கா, "முகம் ஏன் ஒரு மாதிரி உப்பியிருக்கு?" என்று கேட்டாள். "சரியா தூங்கலக்கா" என்றேன். ஒரே வாரத்தில் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. நல்லா சாப்பிடுகிறேன் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் தலைவலி. நெற்றியில், கண்ணுக்குப் பின்னால். பாராசிட்டமால் போட்டால் கொஞ்சம் அடங்கி, மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் ஆகிவிட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், அதனால்தான் என்று நினைத்தேன். பாத்ரூமில் வெள்ளை டைல்ஸைப் பார்த்தால் ஓரத்தில் வெள்ளிப் பொடி பறக்கிற மாதிரி மினுமினுத்தது. குனிந்து நிமிர்ந்ததால் என்று நினைத்தேன். கடைசியாக வந்தது மேல் வயிற்று வலி. அதற்கு அசிடிட்டி என்று பெயர் வைத்தேன். நாலு தொந்தரவுக்கு நாலு காரணம் கண்டுபிடித்தேன். நாலுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

மருந்து குடித்தும் குறையவில்லை. இரண்டு மணிக்கு வாந்தி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இவர் விழித்துக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அசிடிட்டின்னா நெஞ்சுதானே எரியும்? நீ ஏன் விலாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க?"

குனிந்து பார்த்தேன். என் வலது கை, வலது விலாவின் கீழ் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாமல்.

இந்தத் தடவை போன் செய்தது இவர். மருத்துவம் எதுவும் தெரியாதவர், அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னார். "33 வாரம். வலது விலாவுக்குக் கீழே வலிக்குதுன்னு பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அசிடிட்டி மருந்து குடிச்சும் போகலை. ரெண்டு நாளா தலைவலி. முகம் வீங்கியிருக்கு. இப்ப வாந்தி எடுத்தாங்க." அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி வந்தது, கண்ணில் ஏதாவது மின்னுகிற மாதிரி தெரிகிறதா என்று. நான் தலையாட்டினேன். "உடனே கிளம்பி வாங்க சார். காலை வரைக்கும் வேண்டாம்."

அதே சிஸ்டர். அஞ்சு மணி நேர இடைவெளி. உடம்பும் அதே உடம்பு. சொன்ன வாக்கியம் மட்டும்தான் வேறு.

போனதும் கையில் பட்டையைச் சுற்றினார்கள். 168/112. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள், இறங்கவில்லை. சிறுநீரில் ஒரு சின்னக் குச்சியை நனைத்தார்கள், மஞ்சளாக இருந்த கட்டம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறியது. புரதம் போகிறது என்று அர்த்தம். ரத்தத்தில் ஈரல் சம்பந்தப்பட்ட அளவுகள் ஏறியிருந்தன, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பிரீ-எக்லாம்ப்சியா என்றார்கள். கர்ப்பகாலத்தில், பெரும்பாலும் 20-வது வாரத்துக்கு மேல் வருகிற ரத்த அழுத்தக் கோளாறு. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் ஆரம்பத்தில் சரியாக விரிந்து அமையாததில் பெரும்பாலும் தொடங்கி, தாயின் உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களைப் பாதிக்கும். மூளையில் பட்டால் தலைவலியும் கண்ணில் மின்னலும், முற்றினால் வலிப்பு. ஈரல் வீங்கி அதன் மேலுறை இழுபட்டால் வலது விலாவுக்குக் கீழே வலி. நான் அசிடிட்டி என்று சொன்னது அந்த வலியை.

ரத்த அழுத்தத்தை இறக்க மருந்தும், வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட்டும் ஏற்றினார்கள். மெக்னீசியம் உள்ளே போகும்போது தலையிலிருந்து கால்வரை அனல் அடித்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து முழங்காலில் சின்ன சுத்தியால் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள், சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று குறிப்பார்கள். மெக்னீசியம் உடம்பில் அதிகமாகிவிட்டால் முதலில் முழங்கால் துள்ளுவதுதான் நிற்குமாம். பயமாக இருந்த அந்த ராத்திரியில் என் கால் துள்ளும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன நிம்மதி. குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி 24 மணி நேர இடைவெளியில் இரண்டு போட்டார்கள். சரியாக 34 வாரத்தில் சிசேரியன். 1.8 கிலோ. 11 நாள் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்த நாட்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

வார்டில் ஒரு நாள் டாக்டரிடம், "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் இல்ல?" என்று கேட்டேன். அவர் திட்டவில்லை. "வியாதி என்னன்னு கண்டுபிடிக்கிறது எங்க வேலை. உடம்புல என்ன மாறியிருக்குன்னு சொல்றது மட்டும் உங்க வேலை" என்றார்.

அதன்பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: போனை எடுத்ததும் முதல் வார்த்தை எத்தனையாவது வாரம் என்பது. அடுத்து எது, எங்கே, எப்போதிலிருந்து. கூடவே வேறென்ன. என்ன செய்து பார்த்தீர்கள், அதில் குறைந்ததா. கேஸ், சூடு, அலைச்சல், தூக்கமின்மை போன்ற வார்த்தைகளை வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவையெல்லாம் முடிவுகள். நாம் முடிவைச் சொன்னால் எதிரில் இருப்பவரும் அந்த முடிவுக்குத்தான் பதில் சொல்வார். "சிரமத்துக்கு மன்னிக்கணும், சின்ன விஷயம்தான்" என்று ஆரம்பிப்பதும் வேண்டாம். சின்ன விஷயம் என்று நாமே சொன்னால் அவர்களும் சின்ன விஷயமாகவே கேட்பார்கள்.

உடம்பு மாறுகிற பத்து மாசத்தில் எல்லாவற்றுக்கும் ஓட முடியாது என்பதும் உண்மைதான். ஈறில் ரத்தம் கசியும், மூக்கடைக்கும், கெண்டைக்கால் ராத்திரி சுருட்டி இழுக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும், வெள்ளைப்படுதல் கூடும். இதையெல்லாம் அடுத்த செக்கப்பில் சொன்னால் போதும். நான் எனக்காக வைத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது. புதிதாக வந்ததா? ஓய்வெடுத்தும் போகவில்லையா? ஒன்றுக்கு மேற்பட்டது சேர்ந்து வந்திருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால்கூடப் போன் செய்வேன். போன் செய்வதற்கும் ஓடுவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, அதை நான் பயன்படுத்தவே இல்லை.

ஆனால் சிலவற்றுக்கு அளவுகோலே வேண்டாம், யோசிக்காமல் கிளம்பிவிட வேண்டும். பிந்தைய மாதங்களில் ரத்தம் படுவது அதில் முதலில் வரும். வலியே இல்லாமல் பளிச்சென்று சிவப்பாகப் பட்டால் நஞ்சுக்கொடி கீழே அமைந்து கர்ப்பப்பை வாயை மறைத்துக்கொண்டிருக்கலாம். வயிறு பலகை மாதிரி கெட்டியாகி, விடாமல் வலித்தால் நஞ்சுக்கொடி பிரிந்துகொண்டிருக்கலாம், அப்போது ரத்தம் வெளியே வராமலும் இருக்கும். வலிப்பு, நினைவு தப்புவது, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி எல்லாம் ஆம்புலன்ஸுக்கான விஷயங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாகி வலித்தால் அது சாதாரண வீக்கம் இல்லை, ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள்.

நீர் கசிவு பலரைக் குழப்பும். பனிக்குடம் உடைந்தால் குடம் கவிழ்ந்த மாதிரி கொட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்போம். சில பேருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், சிறுநீர் என்றே தோன்றும். சுத்தமான பேட் வைத்துக்கொண்டு கொஞ்சம் நடந்து பாருங்கள், மறுபடி நனைந்தால் கிளம்புங்கள், பேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் நடந்தெல்லாம் பார்க்க வேண்டாம். 37 வாரத்துக்கு முன்னால் வயிறு ஒரே கணக்காக விட்டுவிட்டு இறுகினாலும், அடிமுதுகில் வலி அலைபோல வந்து வந்து போனாலும் காத்திருக்க வேண்டாம். பொய்வலி என்றால் படுத்தாலோ நடந்தாலோ தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், குளிர் நடுக்கத்தோடு விலாப்பக்கம் வலி எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வாந்தி எல்லாருக்கும்தான் வரும், ஆனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் கருமஞ்சளாகிவிட்டது என்றால் அது மசக்கை என்று விட்டுவிடுகிற விஷயமில்லை, சலைன் ஏற்ற வேண்டியிருக்கும். வலி மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாராசிட்டமால் தவிர வேறெதையும் கேட்காமல் போடக்கூடாது. ஐபுபுரோஃபன் வகை மாத்திரைகளை 20-வது வாரத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிநீரைக் குறைத்துவிடும்.

அசைவு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் தப்பான பேச்சு அதிகம். கடைசி மாசத்தில் குழந்தைக்கு இடம் போதாது, அதனால் அசைவு குறைந்துவிடும் என்று சொல்வார்கள். அப்படியில்லை. அசைவின் விதம் மாறும், முன்பு எகிறி உதைத்தது இப்போது புரளும், நெளியும், ஆனால் குறையக்கூடாது. பத்துதான் கணக்கு, பன்னிரண்டுதான் கணக்கு என்பதைவிட உங்கள் குழந்தையின் வழக்கம் என்ன என்பதுதான் முக்கியம். சந்தேகம் வந்தால் இடது பக்கம் படுத்து, டிவியும் போனும் இல்லாமல் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவுகூடத் தெரியவில்லை என்றால் போன் செய்யுங்கள். இரண்டு மணி நேரம் காத்திருக்க மனசு வரவில்லை என்றால் காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் வைத்து இதயத்துடிப்பு கேட்கிற கருவியை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்பது குழந்தையின் துடிப்பா, நம் ரத்தக் குழாயின் சத்தமா என்று நமக்குப் பிரித்துத் தெரியாது. துடிப்பு இருப்பதால் மட்டும் குழந்தை நன்றாக இருக்கிறது என்றும் ஆகிவிடாது.

பணம் செலவழித்து ஒரு கருவி வாங்குவதென்றால் பிபி மிஷின் வாங்குங்கள். மேல் கையில் சுற்றுகிற வகை, பட்டை உங்கள் கைக்குச் சரியான அளவில், கர்ப்பிணிகளுக்கும் சரியாகக் காட்டும் என்று சோதிக்கப்பட்ட மாடலாக. அஞ்சு நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில், கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் வைத்து, பேசாமல் பாருங்கள். நான் முதலில் பேசிக்கொண்டே பார்த்து ஏழெட்டு புள்ளி கூட்டிக் காட்டிப் பதறியிருக்கிறேன். 140/90 வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். 160/110 வந்தால், ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தாலும், கிளம்புங்கள். பிரீ-எக்லாம்ப்சியாவில் பல பேருக்கு ஒன்றுமே தெரியாமல் பிபி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு செக்கப்பிலும் சலிக்காமல் பட்டை கட்டுவதும் சிறுநீர் கேட்பதும் அதற்காகத்தான். எனக்கு இரண்டு செக்கப்புக்கு நடுவில் ஏறிவிட்டது. அடுத்த தடவை கர்ப்பமானால் 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டியிருக்கும், முதல் விசிட்டிலேயே நினைவுபடுத்துங்கள் என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

குழந்தை பிறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறந்த ஆறாவது நாள், குழந்தையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த சாயங்காலம், அதே தலைவலி. நெற்றியில், கண்ணுக்குப் பின்னால். தூக்கம் கெட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. காரணம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. போனை எடுத்து, "பிரசவமாகி ஆறு நாள். பிரீ-எக்லாம்ப்சியா இருந்துச்சு. மத்தியானத்துலேர்ந்து தலைவலி. இப்ப பார்த்தேன், 154/100" என்றேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு நொடி அமைதி, பிறகு, "வாங்கம்மா, டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்ற பதில். மாத்திரையை மாற்றி எழுதினார்கள், ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். பிரசவமாகி ஆறு வாரம் வரைக்கும்கூட இது தலைகாட்டும், கர்ப்பத்தில் பிபி ஏறாதவர்களுக்கும் வரலாம். பிறந்த பிறகு ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு வந்தால்கூட அதே நம்பருக்குத்தான் போன்.

போன மாதம் சித்தி பெண் கூப்பிட்டாள், ராத்திரி பதினொன்றரை. அவளுக்கு 31 வாரம். குரலில் பயம் இல்லை, எரிச்சல்தான். "அக்கா, கொசு கடிச்சுக் கடிச்சுத் தூங்கவே முடியலை. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போன் பண்ணேன். கொசுக்கடிக்குத் தடவலாம்னு ஒரு லோஷன் சொன்னாங்க."

"எங்கே அரிக்குது?"

"உள்ளங்கை. உள்ளங்கால்."

"தடிப்பு இருக்கா? சிவந்திருக்கா?"

"இல்லையே. சொறிஞ்ச கீறல்தான் இருக்கு."

"பகல்ல?"

"பகல்ல அவ்வளவா இல்லக்கா. ராத்திரிதான்."

தடிப்பே இல்லாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும், ராத்திரியில் கூடுகிற அரிப்பு. ஈரலில் பித்தநீர் சரியாக வடியாமல் ரத்தத்தில் சேர்ந்தால் கர்ப்பகாலத்தில் இப்படி அரிக்கும். ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவு மிக அதிகமாகப் போனால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் அளவு பார்த்து எப்போது பிரசவம் என்று முடிவு செய்வார்கள். ஆனால் இதை நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும், அது வெறும் வறண்ட தோலாகக்கூட இருக்கலாம்.

"போனை வை. மறுபடி அதே நம்பருக்குப் போடு. கொசுங்கிற வார்த்தையே வரக்கூடாது. 31 வாரம், உள்ளங்கை உள்ளங்கால் அரிப்பு, தடிப்பு இல்லை, ராத்திரி அதிகம், எத்தனை நாளா?"

"நாலு நாளா."

"நாலு நாளா. இதை மட்டும் சொல்லு."

பத்து நிமிடத்தில் மெசேஜ் வந்தது. "காலையில ரத்தம் எடுக்க வரச் சொல்லிட்டாங்க. யூரின் என்ன கலர்ல போகுதுன்னு கேட்டாங்கக்கா, கொசுக்கடின்னு சொன்னப்ப அதெல்லாம் கேக்கலையே?"